கேள்விக்குப் பொத்தான் இல்லை

அன்று காலை மிருதுளா கேட்ட ஏழாவது புகார் பொள்ளாச்சியிலிருந்து வந்தது.

"ஏனுங் அம்மிணி, 'நீலப் பொத்தானை அழுத்தவும்'னு திரையில வருதுங்க. நானும் அரை மணி நேரமா விசைப்பலகையத் திருப்பித் திருப்பிப் பாக்கறேன். எல்லாம் கருப்பாத்தான் கெடக்குது."

"அது தொலைக்காட்சிக்குக் கீழ வெக்கற பெட்டியோட வர்ற கைப்பிடில இருக்கற பொத்தானுங்கம்மா. கணினில அதுக்குப் பதிலா எஃப் விசைய அழுத்துங்க."

"அப்ப எஃப்பை அழுத்துன்னே எழுதலாமுல்ல?"

"எழுதலாமுங்கம்மா. குறிச்சுக்கறேன்."

"சேரி, நா அதுமேல ஒரு நீல ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கறேன். இன்னொண்ணு கேளுங்க. ஒரு ஆளு பேரத் தேடறதுக்குள்ள பொழுது போயிருதுங்க. ஒரு தடவைக்கு அஞ்சு பேருதான் தெரியுது, அதும் பனங்கா பெருசுக்கு எழுத்து. கிட்ட ஒக்காந்து பாக்கறவளுக்கு எதுக்குங்க அத்தாம் பெரிய எழுத்து? எங்க சம்பந்தியம்மா பேரு நூத்தி எம்பதாவது. நூத்தி எம்பது தடவ கீழ கீழன்னு அழுத்தோணும்."

"பெட்டிக்காரங்க பத்தடி தள்ளி சோபால ஒக்காந்து பாக்கறாங்கம்மா. அவங்களுக்காகச் செஞ்சது."

"அவங்க ஒக்காந்திருக்கற எடத்துல நா ஒக்காந்திருக்கலயே."

மிருதுளா அதையும் குறித்துக்கொண்டாள். அந்த அம்மாள் பெயர் சுகன்யா, வயது எழுபது என்று பதிவேடு சொன்னது. அவர் நிறுத்துவதாக இல்லை.

"இதெல்லாம் கெடக்கட்டும். பண்டிகைக்குப் பேத்தியக் கூட்டிக்கிட்டு வர்றதப் பத்திச் சம்பந்தியம்மாகிட்டப் பேசோணும். ஒத்திகை பாக்கலாம்னு ஒக்காந்தேன். எடுத்த எடுப்புல 'நல்லா இருக்கறீங்களா, சாப்ட்டீங்களா'ன்னு கேட்டேன். அவங்க நெழலு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிச்சு. 'உங்க வீட்டுச் சோத்துக்கு நா ஒண்ணும் ஏங்கிட்டிருக்கல'ங்குது. நெசத்துல அந்தம்மா அப்பிடிப்பட்ட ஆளே இல்லீங்க. ஏனுங், சாப்ட்டீங்களான்னு கேக்கறது ஒரு குத்தமா?"

மிருதுளாவிடம் அதற்குக் குறிப்பெழுதக் கட்டம் இல்லை. "பாத்துட்டுச் சொல்றேங்கம்மா" என்று இணைப்பை முடித்தாள்.

ஒத்திகை முதலில் ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது. கோட்டை, வாள், நெருப்பு கக்கும் பாம்பு எல்லாம் உள்ள பாத்திர விளையாட்டு. ஆடுபவர் ஒரு வீரனின் வேடம் ஏற்று ஊர் ஊராகப் போவார், எதிர்ப்படுகிறவர்களிடம் பேசுவார். தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கும் பெட்டிக்காக அதைச் செய்தார்கள். பெட்டியின் கைப்பிடியில் கட்டைவிரலுக்கு எட்டும்படி நான்கு பொத்தான்கள் இருந்தன. ஆகவே எந்தப் பேச்சுக்கும் நான்கு பதில்கள். நீலம் இணங்கும். சிவப்பு எதிர்க்கும். மஞ்சள் கேலி பேசும். பச்சை விலகிப் போகும்.

பிறகு யாரோ ஒருவர் விளையாட்டில் வரும் அரசனுக்குத் தன் மேலதிகாரியின் முகத்தையும் குரலையும் கொடுத்து, விடுப்பு கேட்டுப் பழகிப் பார்த்தார். மறுநாள் அவருக்கு விடுப்பு கிடைத்தது. அத்தோடு வாளும் பாம்பும் போய்விட்டன. ஒவ்வொருவரும் வீட்டில் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பெட்டி அவருக்கு ஒரு நிழலுருவைச் செய்தது. தொலைபேசி எண்ணைக் கொடுப்பதுபோல் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் நிழலுருக்களைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். பெண் கேட்பது, வேலையை விடுவது, இழவு விசாரிப்பது, எதுவானாலும் முதலில் நிழலுருவிடம் பேசிப் பழகிவிட்டு அப்புறம் ஆளிடம் போனார்கள். பதினைந்து ஆண்டுகளில், ஒத்திகை பார்க்காமல் ஒருவரிடம் முக்கியமான பேச்சை எடுப்பது குளிக்காமல் பந்தியில் உட்காருவதுபோல் ஆகிவிட்டது. பழைய விளையாட்டின் மிச்சங்களை மட்டும் யாரும் துடைக்கவில்லை. மாமியாரின் நிழலுரு சமாதானமானால் திரையின் ஓரத்தில் இன்னமும் 'அனுபவப் புள்ளி 50' என்று வரும்.

எட்டு மாதங்களுக்கு முன்புதான் ஒத்திகையை மேசைக்கணினிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு கருவிக்காக எழுதியதை இன்னொரு கருவிக்குக் கொண்டுபோகும் வேலைக்குக் குடிபெயர்ப்பு என்று பெயர். கோயம்புத்தூர் கிளையின் குடிபெயர்ப்புப் பிரிவில் மிருதுளா மூத்த பொறியாளர். புகார்களை அவளே கேட்பாள். வீடு மாறும்போது பழைய வீட்டின் கதவு அளவுக்கே புது வீட்டுச் சுவரை இடிப்பதுபோன்ற வேலை அது என்று அவளுக்குத் தெரியும். கணினியில் மைக் உண்டு, நூற்றுச் சொச்சம் விசைகள் உண்டு. வாயில் வருவதையெல்லாம் பேசலாம் என்று நம்பித்தான் ஆட்கள் வாங்கினார்கள்.

மதியம் சோதனை அறையில் ரஹ்மத் அக்காவைப் பிடித்தாள். ரஹ்மத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒத்திகைக்கு முந்தைய காலத்தில் பேசப் பழகியவர் என்பதால் இன்னமும் ஆளைப் பார்த்ததும் கேள்வியாகக் கேட்பார். இளையவர்கள் அவரைச் சண்டைக்காரி என்பார்கள்.

"என்னடி அம்மிணி, மொகம் இப்படி இருக்குது? சாப்ட்டியா இல்லியா?"

"சாப்ட்டேங்க்கா. இப்பக் கேட்டீங்களே, அதையே இந்த நிழலுகிட்டக் கேளுங்க."

ரஹ்மத் ஒரு சோதனை நிழலுருவிடம் கேட்டார். நிழலுரு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கணினி தனக்குள் எழுதிவைத்துக்கொள்ளும் உள்பதிவை மிருதுளா திறந்தாள். மனிதர் என்ன பேசினாலும் கணினி அதை நான்கில் எதற்கு அருகில் இருக்கிறதோ அதோடு ஒட்டிவிட்டு, அந்தப் பொத்தானின் எண்ணை மட்டும் நிழலுருவுக்கு அனுப்பியது. நிழலுருவின் காதுக்குச் சொற்கள் போவதே இல்லை. 'சாப்பிட்டாயா' என்பது இணக்கம் இல்லை, கேலி இல்லை, விலகல் இல்லை. ஆகவே சிவப்பு. 'எப்படி இருக்கிறாய்' சிவப்பு. 'உனக்கு என்ன ஆயிற்று' சிவப்பு. இருவரும் நாற்பது கேள்விகள் போட்டுப் பார்த்தார்கள். நாற்பதும் சிவப்பு.

ரஹ்மத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கட்டவெரலு நாலு பொத்தானுக்கு மேல எட்டல. அதுக்காகப் பதினஞ்சு வருஷமா ஊரே வாயப் பொத்திக்கிட்டுத் திரியுது பாரு!"

உண்மைதான். எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். இப்போது எதைக் கேட்டாலும் காரியம் கெட்டது. ஒத்திகையில் கேள்விக்கென்று பொத்தான் இல்லை; சிவப்பில் வரும் கேள்விக்கு நிழலுரு சீறுவதைப் பார்த்துப் பார்த்து, நேரிலும் கேட்காமலே பழகிவிட்டார்கள். 'சாப்பிட்டிருப்பீங்க' என்றார்கள். 'உடம்புக்குப் பரவாயில்லாம இருக்கும்' என்றார்கள். தான் கடைசியாக யாரிடம் எதைக் கேட்டோம் என்று மிருதுளா யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. புகார் மேசையில்கூட அவள் 'எந்த விசை என்று சொல்லுங்கள்' என்பாளே தவிர 'எந்த விசை' என்று கேட்டதில்லை.

மேலாளர் தனசேகர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நூத்துக்குத் தொண்ணூறு பேரு சோபால சாஞ்சுக்கிட்டு ஆடறவங்கம்மா. கணினிக்காரங்க மிச்சம் பத்து. பத்துப் பேருக்காக அடித்தளத்த இடிக்க முடியாது."

"இடிக்க வேண்டாங்க சார். கணினில மட்டும் அந்த ஒட்டவைப்ப எடுத்துட்டாப் போதும். பேசறது அப்படியே நிழலுக்குப் போகட்டும். நிழலும் நாலுக்குள்ள நிக்காம அதுக்குத் தெரிஞ்ச எல்லாத்துலருந்தும் பேசட்டும். கையி நல்லா இருக்கறவனக் கையக் கட்டிச் சாப்பிட வெச்சிருக்கறோம்."

"அதுல ஏதாவது ஏடாகூடமாப் பேசிருச்சுன்னா நாமதான் பதில் சொல்லணும்." தனசேகர் நெற்றியைத் தேய்த்தார். "உங்க வீட்டுக் கணினில போட்டுப் பாருங்க. ஒரு வாரம். நல்லா வந்தா மேல பேசறேன்."

அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். சுகன்யா அம்மாளுக்காகத்தான் இவ்வளவும் பேசினேன் என்று பேருந்தில் தனக்கே சொல்லிக்கொண்டாள். ஹோப் காலேஜ் நிறுத்தம் வருவதற்குள் அது முழு உண்மை இல்லை என்று தெரிந்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் கணவன் துருவன் சொன்னான்: "திங்கக்கெழமைக்குள்ள அறை விவரம் எழுதிக் குடுக்கணும். ஒரு ஆள் அறையும் இருக்குது. ரெண்டு ஆள் அறையும் இருக்குது."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தான். தகவலை மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பதுதான் இப்போது கேட்கும் முறை. அவனுக்குக் கடலுக்குள் இருக்கும் காற்றாலை மேடைக்கு மாற்றல் வந்திருந்தது. மூன்று வருடம். மனைவியும் வரலாம், அவள் அங்கிருந்தே வேலை பார்க்கலாம்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் மிருதுளா.

"நிதானமா ஒத்திகை பாத்துட்டே சொல்லு." அவன் அன்பாகத்தான் சொன்னான்.

போவதா வேண்டாமா என்பது அவளுக்குப் பெரிய விஷயமாக இல்லை. அதற்கு முன்னால் ஒன்று இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன் ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே குழந்தை போய்விட்டது. மருத்துவர் வந்து சொன்னபோது துருவன் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. அது என்ன என்று அவள் பார்ப்பதற்குள் 'ஒரு நிமிஷம்' என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டான். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து அவள் கையைப் பிடித்தான். "பரவால்ல மிருது" என்றான். பிறகு, "நமக்கு நாம இருக்கறோம்" என்றான்.

நீலப் பொத்தானின் பதில்களில் முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒன்றரை நொடி இடைவெளி இருக்கும். ஆறுதலுக்கு அதுதான் பொருத்தமான அளவு என்று ஆராய்ந்து வைத்தது. பெட்டியிலிருந்து வேறு கருவிகளுக்குக் கொண்டுபோகும்போது அந்த ஒன்றரை நொடி மாறாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலைகளில் ஒன்று. அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அவள் எண்ணினாள். சரியாக ஒன்றரை நொடி இருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, வண்டிக்குள் இருக்கும் சிறிய பெட்டியின் கைப்பிடியில் அவளுடைய நிழலுருவோடு பழகிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

அதில் தவறொன்றும் இல்லை. எல்லாரும் செய்வதுதான், அவளும் அவனுடைய அப்பா இறந்தபோது அப்படித்தான் செய்தாள். ஆனால் கீழே போவதற்கு முன் அந்த முகத்தில் வந்தது என்ன என்பது அவளுக்குத் தெரியாமலே போயிற்று. அவனும் தன்னைப்போல் உடைந்துபோனானா? பயந்தானா? ஒரு கணம் நிம்மதிகூட அடைந்தானா? எதுவாக இருந்தாலும் அவள் தாங்கிக்கொள்வாள். தெரியாமல் இருப்பதைத்தான் நான்கு வருடமாகத் தாங்க முடியவில்லை. தெரியாத ஒருவனோடு கடலுக்கு நடுவே ஒரே அறையில் மூன்று வருடம் எப்படி இருப்பது?

சனிக்கிழமை துருவன் வெளியே போனதும் கணினியின் முன் உட்கார்ந்தாள். ஒட்டவைப்பை எடுக்காமலே ஒருமுறை முயன்று பார்த்தாள். திரையில் நாற்காலியில் அமர்ந்திருந்த துருவனின் நிழலுருவிடம், "அன்னிக்குக் கீழ போறதுக்கு முன்னாடி உனக்கு என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள். நிழலுருவின் தாடை இறுகியது. "எப்பப் பாரு என்னையே குத்தம் சொல்லு" என்றது. எதிர்பார்த்ததுதான்.

ஒட்டவைப்பை எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. போகிற போக்கில் எழுத்தைச் சிறிதாக்கி, பெயர் தேட ஒரு கட்டமும் வைத்தாள். பிறகு அதே கேள்வியை மறுபடி கேட்டாள்.

நிழலுரு சீறவில்லை. கால்மாட்டில் நின்றபோது துருவனின் முகத்தில் வந்ததே, அதே ஒன்று அதன் முகத்தில் வரத் தொடங்கியது. உதடுகள் பிரிந்தன.

மிருதுளா சட்டென்று கணினியை அணைத்துவிட்டாள். பதில் இதனிடமிருந்து வரக் கூடாது என்று அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. அவனிடம் கேட்க வேண்டும். பழகிப் பார்க்காமல் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை துருவன் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். நடுவில் ஈரப் போர்வை தொங்கியது. அவள் அதை விலக்கிக்கொண்டு நின்றாள்.

"துருவா."

"ம்."

"ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னதும் நீ கீழ போன. போறதுக்கு முன்னாடி உனக்கு என்ன இருந்துச்சு?"

அவன் கையில் கிளிப் இருந்தது. தாடை இறுகுவதை அவள் பார்த்தாள்.

"நாலு வருஷமாச்சு மிருது. இப்பப் போயிச் சண்ட வேண்டாம்."

"சண்ட இல்ல. கேக்கறேன்."

"அதத்தான் சொல்றேன்."

"உன்னத் திட்டறதுக்குக் கேக்கல. எனக்குத் தெரியணும், அதுக்குக் கேக்கறேன். நீ கீழ போயி ஒத்திகை பாத்துட்டு வந்து பேசினேன்னு எனக்கு அப்பவே தெரியும். அதுல கோவமில்ல. அதுக்கு முன்னாடி இருந்தது என்னன்னுதான்."

அவன் கிளிப்பைத் திறந்து மூடினான், திறந்து மூடினான். "நா எல்லாத்துக்கும் தயாரா இருந்தேன். நீ வர்றேன்னா ஒண்ணு. வரலேன்னா ஒண்ணு. சிரிச்சு மழுப்புனா ஒண்ணு. எந்திரிச்சுப் போனா ஒண்ணு. இது அதுல இல்ல."

"இல்லாட்டிப் போகட்டும். தோணறதச் சொல்லு."

"தோணறத அப்படியே சொல்ல முடியாது மிருது. தப்பா வந்துரும்."

"தப்பாவே வரட்டும்."

அவன் அவளைப் பார்த்தான். நிஜமாகவே அவனுக்குச் சொல்ல விருப்பம் இருந்தது. அதை அவளால் பார்க்க முடிந்தது. உயரமான இடத்திலிருந்து எட்டிப் பார்ப்பவன்போல அவன் உடம்பு முன்னால் வந்து பின்னால் போனது.

"ஒரு அரை மணி நேரம் குடு" என்றான். கிளிப்பை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கணினி இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

தடுத்திருக்கலாம். அந்தக் கணினியில் நேற்று ஒட்டவைப்பை எடுத்துவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் மிருதுளா கோபப்படாமல் கேட்பாள். கேள்வி என்பது அடி இல்லை என்று அவனுக்குப் புரியும். வெளியே வந்து என்னிடம் சொல்வான். அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள்.

வாளியில் கிடந்த துணியையெல்லாம் அவளே உலர்த்தினாள். அரை மணி நேரம் முடிந்தது. ஒரு மணி நேரம் முடிந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் அவன் குரல் தாழ்வாக ஓடிக்கொண்டிருந்தது. சொற்கள் பிரியவில்லை. ஒருமுறை நாற்காலி நகர்ந்தது. பிறகு அவளுக்குப் பழக்கமில்லாத ஒரு சத்தம் வந்தது. அது அழுகை என்று அடையாளம் காண அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பன்னிரண்டு வருடத்தில் அவள் அதைக் கேட்டதில்லை. கதவருகே போய் அதன்மேல் கையை வைத்தாள். ஒத்திகையில் இருப்பவரின் கதவைத் திறப்பது அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பதைவிட மோசம். கையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

இரண்டரை மணிக்கு அவன் வெளியே வந்தான். காய்ச்சல் விட்டவன்போல் முகம் தெளிந்திருந்தது. தட்டு எடுத்து வைத்துக்கொண்டு தானே போட்டு நிறையச் சாப்பிட்டான்.

"சொல்லிட்டேன் மிருது. எல்லாத்தையும். வண்டிகிட்டப் போனது, அதுக்கு முன்னாடி இருந்தது, எல்லாத்தையும்."

"எங்கிட்டச் சொல்லு."

"உங்கிட்டத்தான் சொன்னேன்."

"எங்கிட்ட இல்ல துருவா. நா வெளிய இருந்தேன்."

அவனுக்கு அவள் சொல்வது புரிந்தது. முயன்றான். சாப்பிட்ட கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தான். "அன்னிக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு" என்றான். பிறகு, "இப்பச் சேரியாயிருச்சு" என்றான்.

நடுவில் ஒன்றரை நொடி. முடித்த கதையை இரண்டாம் முறை சொல்பவரின் முகம் அவனுக்கு இருந்தது. பொய் இல்லை. ஆனால் சொல்வதற்கு இருந்ததை அவன் ஏற்கெனவே சொல்லித் தீர்த்திருந்தான்.

"உன்னை மாதிரி யாரும் கேட்டதில்ல" என்றான் நன்றியோடு. "நீ குறுக்க ஒரு வார்த்த பேசல. நா திக்குனப்பக்கூட நீயா எடுத்துக் குடுக்கல. சும்மா இருந்த." சோற்றைப் பிசைந்தான். "ஒரு ஆள் அறைன்னு எழுதி அனுப்பிச்சுட்டேன்."

"நாம அதப் பத்திப் பேசவே இல்ல."

"பேசினோம். நீதான் சொன்ன. கொஞ்ச காலம் தனியா இருந்து பாக்கணும், யாருக்கும் பதில் சொல்லாம இருக்கணும்னு. மொதல்ல எனக்குத் தாங்கல. அப்பறம் நீ சொல்றது நாயமாப் பட்டுது."

"நா அப்படிச் சொல்லல."

"உள்ள சொன்ன" என்றான். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை.

மிருதுளா மோர்ப் பாத்திரத்தை மூடினாள். திறந்தாள். பொய் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அந்த நிழலுரு இந்த வீட்டில் அவள் பேசிய எல்லாவற்றாலும் ஆனது. அம்மாவிடம் தொலைபேசியில் சலித்துக்கொண்டது, அடுப்படியில் தனக்குள் முணுமுணுத்தது, துருவன் ஊரில் இல்லாத நாட்களில் பாடிக்கொண்டே வீடு பெருக்கியது, எல்லாமும் அதற்குள் இருந்தன. நான்கு பொத்தான்களுக்குள் அடைந்து கிடந்த அதை, உள்ளதைப் பேசட்டும் என்று நேற்று அவிழ்த்துவிட்டவள் அவளேதான். அது தவறாகப் பேசியிருந்தால் அவள் வேலையில் பிழை. அவள் வேலையில் பிழை இருப்பது அபூர்வம்.

தனக்குள் தேடிப் பார்த்தாள். அவனோடு போக வேண்டும் என்ற ஆசை ஓரிடத்தில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது போகும் ஆசையா, வா என்று யாராவது கூப்பிட வேண்டும் என்ற ஆசையா என்பதை எவ்வளவு கிட்டே போய்ப் பார்த்தும் பிரிக்க முடியவில்லை.

கைபேசியில் தனசேகரின் செய்தி வந்திருந்தது. 'உங்கள் வீட்டுக் கணினியிலிருந்து பயனர் கருத்து வந்துள்ளது. ஐந்துக்கு ஐந்து. "இனி நேரில் பேசத் தேவையே இருக்காது" என்று எழுதியிருக்கிறார். மேலிடத்தில் காட்டினேன். அடுத்த வாரம் எல்லாக் கணினிக்கும் போகிறது. பெட்டிக்கும் கேட்கிறார்கள். வாழ்த்துகள்.'

துருவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பரண்மேலிருந்து பயணப்பெட்டியை இறக்கப் போனான். மிருதுளா கணினி அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் பார்த்த ஒத்திகையை அவளால் திறக்க முடியாது. அது அவன் குரலுக்குத்தான் திறக்கும், பூட்டு அப்படி. ஆனால் அவனுடைய நிழலுரு இந்த வீட்டில் பேசப்படும் எல்லாவற்றிலிருந்தும் கற்றுக்கொள்ளும். சாத்திய கதவுக்குள் பேசியதும் இந்த வீட்டில் பேசியதுதான். பெயர் தேடும் கட்டத்தில் அவன் பெயரை எழுதினாள். திரையில் துருவன் நாற்காலியில் வந்து அமர்ந்தான். சற்று முன் அழுத கண்கள்கூட அப்படியே சிவந்திருந்தன.

"கீழ போறதுக்கு முன்னாடி உனக்கு என்ன இருந்துச்சு?"

அவன் அவளைப் பார்த்தான். முகத்தில் அந்த ஒன்று வந்தது. இம்முறை அவள் கணினியை அணைக்கவில்லை. உதடுகள் பிரிந்தன.

"சொல்றேன் மிருது" என்றது நிழலுரு. "ஆனா இது தப்பா வந்துரக் கூடாது. இரு, பேசிப் பாத்துட்டு வந்துடறேன்."

எழுந்து திரையின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது.

அவள் உள்பதிவைத் திறந்து பார்த்தாள். பச்சைப் பொத்தான் எதுவும் அழுந்தவில்லை. எங்கும் எதுவும் எதோடும் ஒட்டவில்லை. அவன் என்ன செய்வானோ அதை நிழலுரு செய்திருந்தது. பிழை இல்லை.

அடுத்த அறையில் பயணப்பெட்டியைத் தூசி தட்டும் சத்தம் கேட்டது. சட்டைகளை மடித்துக்கொண்டே துருவன் ஏதோ ஒரு பாட்டை முனகினான். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

மிருதுளா ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு, திரையில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தபடி காத்திருந்தாள்.